பிராக் மேயர் ஸுஸ்கா (1970–1981): மெட்ரோ அவர் கட்டியதா, அவர் காலத்தில் திறந்ததா?

மணற்கேணி (இழையைத் தொடங்கியவர்)

கம்யூனிஸ்ட் ஆட்சிக்கால பிராக் மேயர்களைப் பற்றிய கட்டுரை வரைவு ஒன்று கையில் இருக்கிறது. ஸ்தெனியெக் ஸுஸ்கா பற்றிய பத்தி இப்படிப் போகிறது: "1970 முதல் 1981 வரை மேயர். பிராக் மெட்ரோவை உருவாக்கியவர். நுஸ்லே பாலத்தைக் கட்டி, நகர எல்லையை விரித்து, தெற்கே ஒரு புது நகரத்தையே எழுப்பியவர்." படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு ஆளுக்கு இவ்வளவும் பொருந்துமா என்று உறுத்துகிறது. எதை வைத்துக்கொள்ளலாம், எதை வெட்டலாம்?

தண்டவாளம்

"உருவாக்கியவர்" கட்டாயம் வெட்டப்பட வேண்டிய சொல். வரிசையைப் பாருங்கள்.

1966 ஜனவரியில் மத்திய ரயில் நிலையத்தை ஒட்டிய ஓப்லெதாலொவா தெருவில் தோண்டத் தொடங்கினார்கள். அப்போது மேயர் லுத்விக் செர்னி (1964–1970). தோண்டியதும் மெட்ரோவுக்காக இல்லை; நகர மையத்தில் டிராமை நிலத்தடிக்குக் கொண்டுபோகும் திட்டத்துக்காக. சோவியத் நிபுணர்களின் கருத்தையும் கேட்ட பிறகு 1967 ஆகஸ்ட் 9 அன்றுதான் அரசு "டிராம் வேண்டாம், முழு மெட்ரோவே போடுவோம்" என்று தீர்மானித்தது. கவனியுங்கள், தீர்மானித்தது அரசு, மாநகரம் இல்லை.

அந்தப் பழைய திட்டத்தின் தடயம் இன்றும் கண்ணுக்குத் தெரியும். முதலில் திறந்த தடமான சி தடத்தில் பெரும்பாலான நிலையங்களில் நடைமேடை நடுவில், தண்டவாளம் இரு பக்கமும். மத்திய ரயில் நிலைய மெட்ரோவில் தலைகீழ்: தண்டவாளம் நடுவில், நடைமேடை இரு ஓரத்திலும். டிராமுக்கு என்று தொடங்கிய குழியை மெட்ரோவுக்கு ஏற்ப மாற்றியதன் விளைவு அது. (விஷெஹ்ராட் நிலையத்திலும் ஓர நடைமேடைதான், ஆனால் அங்கே காரணம் வேறு. நிலையம் நேராக நுஸ்லே பாலத்தின் வாயில் போய் முட்டுகிறது.)

முதல் ரயில் ஓடியது 1974 மே 9. சொகொலொவ்ஸ்கா (இன்றைய ஃப்ளோரென்ஸ்) முதல் கசெரொவ் வரை 6.6 கிலோமீட்டர், 9 நிலையங்கள், கட்டணம் 1 கொருனா. திறந்த நாளில் மேயர் ஸுஸ்கா. நீங்கள் எழுதக்கூடியது அவ்வளவுதான்.

ஏ தடத்தின் முதல் பகுதிக்கு அவர் பெயரைக் கொஞ்சம் கூடுதல் உரிமையோடு சேர்க்கலாம். 1978 ஆகஸ்ட் 12, லெனினொவா (இன்றைய தேய்விட்ஸ்கா) முதல் நாமெஸ்தி மீரு வரை 7 நிலையங்கள். அதன் வேலை முழுக்க அவர் பதவிக்காலத்துக்குள் வருகிறது.

செங்கல்சூளை

பாலத்தையும் வெட்டுங்கள். கட்டுமானம் தொடங்கியது 1967, போக்குவரத்துக்குத் திறந்தது 1973 பிப்ரவரி 22. தொடக்கம் செர்னி காலம், முடிவு ஸுஸ்கா காலம்.

மணற்கேணி

பாலம், மெட்ரோ இரண்டும் தனித்தனித் திட்டங்களா? வரைவில் தனியாகத்தான் எழுதியிருக்கிறது.

செங்கல்சூளை

ஒன்றுக்குள் ஒன்று. நுஸ்லே பாலம் முன்னழுத்தக் கான்கிரீட்டால் ஆன பெட்டி வடிவப் பாலம். மேலே கார்கள், பெட்டியின் வயிற்றுக்குள் மெட்ரோ. நீளம் 485 மீட்டர், பள்ளத்தாக்கிலிருந்து உயரம் 42.5 மீட்டர். நடுவில் 115.5 மீட்டர் வீதம் மூன்று கண்கள், இரு முனையிலும் 68.25 மீட்டர் வீதம் ஒவ்வொன்று. சுமைச் சோதனைக்கு 66 டாங்கிகளைக் கொண்டுவந்து மேலே நிறுத்தினார்கள்.

சிக்கல் வந்தது உள்ளே. பாலம் வரையப்பட்டபோது கணக்கில் இருந்தது எடை குறைந்த வண்டி. சி.கே.டி. குழுமத்தின் ஸ்மிஹோவ் ஆலை ஆர்1 என்ற உள்நாட்டு ரயிலின் மாதிரிகளை 1970, 71 வாக்கில் செய்தும் காட்டியது. பிறகு அதைக் கைவிட்டு, மாஸ்கோ அருகே மித்திஷ்சி ஆலையின் கனமான ரயிலை வாங்க முடிவானது. பாலமோ ஏறக்குறைய முடிந்துவிட்டது. பெட்டியின் அடித்தட்டு நேரடியாக அந்தச் சுமையைத் தாங்காது என்பதால், உள்ளே எஃகுச் சட்டக வலை ஒன்றைப் பரப்பி, அதன்மேல் தண்டவாளம் போட்டார்கள். ரயிலின் எடை அடித்தட்டில் விழாமல் வலை வழியாகப் பக்கச் சுவர்களுக்குப் போகும். மேல்மட்டத்தில் ரயிலை மாற்றினார்கள், கீழே பொறியாளர்கள் பாலத்தை அதற்குப் பொருத்தினார்கள். இந்த ரயில் முடிவு மேயர் மேசையில் எடுத்தது என்று யாரும் சொல்ல முடியாது.

கதவிலக்கம்

இங்கேதான் ஒரு பெயரை யாரும் சொல்லாமல் போகிறீர்கள்: அன்டோனின் காபெக்.

ஸுஸ்கா மேயராக இருந்த 11 ஆண்டும் பிராக் நகரக் கட்சிக் குழுவின் முதன்மைச் செயலாளர் காபெக். 1969 முதல் 1988 வரை அந்த நாற்காலி அவருடையது. கூடவே கட்சி மத்தியக் குழுவின் தலைமைக் குழுவிலும் உறுப்பினர். 1968-இல் சோவியத் படைகளை "உதவிக்கு" வரச்சொல்லிக் கையெழுத்திட்ட ஐந்து பேரில் ஒருவர். அதற்கு முன்பு சி.கே.டி. குழுமத்தின் பொது இயக்குநர். அதாவது உள்நாட்டு ரயில் செய்த ஆலையின் பழைய முதலாளியே நகரக் கட்சியின் தலைவர், ஆனாலும் சோவியத் ரயில்தான் வந்தது. அந்த முடிவு எவ்வளவு உயரத்தில் எடுக்கப்பட்டிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நகர அமைப்பு காகிதத்தில் இப்படி: வாக்காளர்கள் தேசியக் குழுவை (மாநகராட்சிக்கு அன்றைய பெயர்) தேர்ந்தெடுப்பார்கள், அதன் பேரவை மேயரையும் துணை மேயர்களையும் தேர்ந்தெடுக்கும், மேயர் தலைமையில் ஆட்சிக்குழு நிர்வகிக்கும். நடைமுறையில் கம்யூனிஸ்ட் கட்சி தலைமையிலான தேசிய முன்னணியின் ஒரே பட்டியல், ஒரு தொகுதிக்கு ஒரு வேட்பாளர், 99 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு. மேயர் பதவி கட்சியின் ஒப்புதல் பட்டியலில் உள்ள பதவி. பேரவை கை தூக்குவதற்கு முன்பே பெயர் முடிவாகிவிடும். காபெக்கோடு ஒப்பிட்டால் ஸுஸ்கா இரண்டு படி கீழே.

நெய்தல்

அப்படியென்றால் மேயர் வெறும் ரிப்பன் வெட்டும் ஆள் என்று எழுதிவிடலாமே. எதற்கு இத்தனை பேச்சு?

ஊற்றுக்கண்

அதுவும் தப்பு, நெய்தல். பெரிய முடிவு மேலே எடுக்கப்படும், உண்மை. ஆனால் அது நடக்கிறதா, எந்த வரிசையில் நடக்கிறது, யாருக்கு முதலில் கிடைக்கிறது என்பதெல்லாம் தேசியக் குழு அலுவலகத்தில்தான். சாதாரண பிராக்வாசிக்குக் கட்சிச் செயலாளரைவிட இந்த அலுவலகத்தோடுதான் வேலை.

முதலில் வீடு. அரசு வீடுகளுக்கான காத்திருப்புப் பட்டியலை வைத்திருந்தது தேசியக் குழு. இடிக்கப்படும் வீட்டில் இருப்பவர், குழந்தையுள்ள குடும்பம், நகரத்துக்குத் தேவையான தொழிலாளி என்று வரிசை மாறும். காத்திருக்க முடியாதவர் கூட்டுறவுச் சங்கத்தில் பங்குப் பணம் கட்டி உறுப்பினராவார். மீதிக்கு அரசு மானியமும் கடனும். நிறுவனங்கள் தம் ஆட்களுக்குத் தரும் வீடு மூன்றாவது வழி. மூன்றிலும் நிலம், குழாய், சாலை இணைப்புக்கு மாநகரத்திடம்தான் வர வேண்டும்.

அடுத்து தண்ணீர். ஸுஸ்கா பற்றி எழுதும் யாரும் இதைத் தொடுவதில்லை, மெட்ரோ பளபளப்பில் மறைந்துபோகிறது. ஸெலிவ்கா ஆற்றில் ஷ்விஹொவ் அணை 1965-இல் தொடங்கி 1975-இல் முடிந்தது. ஆனால் அணை முழுதாக முடிவதற்கு முன்பே, 1972-இலிருந்தே பிராக்குக்குத் தண்ணீர் வரத் தொடங்கியது. சுத்திகரித்த நீர் சுமார் 52 கிலோமீட்டர் சுரங்கத்தின் வழியாக, பம்பு இல்லாமல் சரிவிலேயே ஓடி நகரத்தின் தென்விளிம்பில் யெசெனிட்ஸெ நீர்த்தேக்கத் தொட்டிகளுக்கு வருகிறது. இந்தத் தண்ணீர் இல்லாமல் எழுபதுகளின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றைக்கூட நிரப்பியிருக்க முடியாது. விலை கொடுத்தவர்கள் நகரத்துக்கு வெளியே இருந்தவர்கள்: பழைய தொல்னி க்ராலொவிட்ஸெ ஊர் நீரில் போனது, புது ஊர் வேறிடத்தில் கட்டப்பட்டது.

மூன்றாவது, "இஸட் செயல்". தேசியக் குழு பொருளும் வரைபடமும் தரும், குடியிருப்பவர்கள் சனி ஞாயிறுகளில் சம்பளமில்லாமல் உழைப்பார்கள். நடைபாதை, மழலையர் பள்ளி, சிறு கடை, விளையாட்டுத் திடல் எல்லாம் இந்தக் கணக்கில் வந்தவை. சிமென்ட் வராத வாரம் ஆட்கள் நிற்பார்கள், ஆட்கள் வராத வாரம் சிமென்ட் இறுகும். திறமையான மேயர், திறமையில்லாத மேயர் என்ற வித்தியாசம் தெரிவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

கதவிலக்கம்

ஊற்றுக்கண் சொன்னதில் வீட்டுப் பகுதியோடு ஒன்று சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் "புது நகரம் எழுப்பினார்" என்ற வரி பாராட்டாகவே நின்றுவிடும்.

தென் நகரம் (ஹொடொவ், ஹாயெ பகுதி) 1971-இல் தொடங்கியது. வி.வி.யு.-இ.டி.ஏ. என்ற பலகை முறை: ஆலையில் வார்த்த கான்கிரீட் பலகைகள், 3 மீட்டர், 6 மீட்டர் இடைவெளி, மாடி உயரம் 2.8 மீட்டர். கிரேனுக்கு ஒரு தண்டவாளம் போட்டால் அதன் நீளத்துக்குக் கட்டடம் வளரும். அதனால்தான் அந்த நீள நீள வரிசைகள். எங்கே இடித்தது? திட்டக் குறியீடு எண்ணியது முடிந்த வீடுகளை. பள்ளி, கடை, மருத்துவமனை எல்லாம் தனித்தனி இனங்கள், தனித்தனி ஒப்பந்தம். பலகை ஆலை வீட்டுப் பலகையைத்தான் வார்க்கும், கடை கட்ட அதற்கு வேறு ஆள், வேறு பொருள் வேண்டும். ஆண்டுக் கடைசியில் எண்ணிக்கை காட்ட வீட்டைத்தான் தள்ளிவிடுவார்கள். குடியேறியவர்கள் சேற்றில் பலகை போட்டு நடந்து பேருந்துக்குப் போனார்கள். மெட்ரோ அங்கே எட்டியது 1980 நவம்பர் 7. முதல் வேலை தொடங்கி ஒன்பது ஆண்டுகள் கழித்து.

தண்டவாளம்

அந்தத் தேதியையே பாருங்கள், நவம்பர் 7, ரஷ்யப் புரட்சி நாள். முதல் ரயில் மே 9, போர் வெற்றி நாள். பாலம் பிப்ரவரி 22, அதாவது கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த 1948 பிப்ரவரி மாற்றத்தின் 25-ஆம் ஆண்டுக்கு மூன்று நாள் முன்பு. திறப்பு நாளெல்லாம் அரசியல் நாட்காட்டி பார்த்துக் குறித்தவை. வேலை முந்தி முடிந்தால் நாளுக்காகக் காத்திருக்கும், பிந்தினால் நாளுக்குள் திறந்துவிட்டு அப்புறம் சரிசெய்வார்கள். பண்பாட்டு அரண்மனை 1981 ஏப்ரல் 2 திறந்தது, ஏப்ரல் 6 அன்று கட்சியின் 16-ஆம் மாநாடு அதே கட்டடத்தில். வரைவில் திறப்புத் தேதி எழுதும்போது "வேலை முடிந்த நாள்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

நெய்தல்

சரி, ரிப்பன் வாதத்தை விடுகிறேன். ஆனால் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் டிராமை எடுத்தது யார்? அதை எந்த நாட்காட்டியும் கேட்கவில்லையே.

தண்டவாளம்

1980 டிசம்பர் 13 கடைசி நாள். ஸுஸ்காவின் மாநகரம்தான். மெட்ரோ கீழே வந்துவிட்டால் மேலே டிராம் எதற்கு என்பது வாதம். அதே காலத்தில்தான் வடக்கு–தெற்கு விரைவுச்சாலையும் வந்தது: தேசிய அருங்காட்சியகத்துக்கும் சதுக்கத்துக்கும் நடுவே காரை ஓடவிட்டு, ரயில் நிலையத்து முன்னாலிருந்த பூங்காவில் பெரும்பகுதியைத் தின்றது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்: டிராமை அகற்றி, காருக்கு வழி. என் கணிப்பில் ஸுஸ்கா காலத்தின் மோசமான மரபு அந்தச் சாலை. மெட்ரோவைப் புகழும் பத்தியிலேயே அதற்கும் இடம் கொடுங்கள்.

பழஞ்சுவடி

ஸுஸ்காவை மட்டும் தனியாக எடுத்தால் பதவி என்ன மாதிரி மாறியது என்பது புரியாது. முதல் கம்யூனிஸ்ட் மேயரிடமிருந்து தொடங்குங்கள்.

வாட்ஸ்லாவ் வாட்செக், வழக்கறிஞர். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்திலேயே பிராக் மாநகராட்சியில் கம்யூனிஸ்டாக உட்கார்ந்தவர். 1946 தேர்தலுக்கு முன் மேயர் நாற்காலியில் இருந்தது அவர் இல்லை, பெட்ர் ஜென்கல். போருக்கு முன்பும் மேயராக இருந்தவர், புகென்வால்ட் வதைமுகாமிலிருந்து திரும்பியவர், தேசிய சோஷலிஸ்ட் கட்சிக்காரர் (பெயரைப் பார்த்து நாஜிக் கட்சியோடு குழப்ப வேண்டாம், செக் ஜனநாயகக் கட்சி அது). 1946 மே 26 தேர்தலில் கம்யூனிஸ்டுகள் பிராக்கில் முதலிடம் வந்தார்கள், அந்த முடிவின்படி தேசியக் குழுக்களின் இடங்கள் மறுபடி பிரிக்கப்பட்டன, வாட்செக் மேயரானார். ஜென்கல் துணைப் பிரதமரானார், 1948 பிப்ரவரியில் பதவி விலகிய 12 அமைச்சர்களில் ஒருவர், அதே ஆண்டு நாட்டைவிட்டுத் தப்பினார்.

எனவே வாட்செக் போட்டித் தேர்தலின் கணக்கில் வந்த மேயர். பின்னால் வந்த கம்யூனிஸ்ட் மேயர்கள் ஒருவருக்கும் அது வாய்க்கவில்லை. 1948-க்குப் பிறகு அவரும் அதே நாற்காலியில் 1954 வரை இருந்தார், ஆனால் நாற்காலி மாறிவிட்டது.

அவரது போருக்கு முந்தைய நகரமன்ற வாழ்க்கையைத் தேடுபவருக்கு ஒரு எச்சரிக்கை. 1945 மே 8 அன்று பழைய நகரமன்றக் கட்டடம் தீப்பிடித்து வடக்குப் பகுதி அழிந்தது, அங்கிருந்த நகர ஆவணங்களில் பெரும்பங்கும் போனது. நிர்வாகம் மரியான்ஸ்கெ சதுக்கத்துப் புது நகரமன்றத்துக்கு மாறியது. எரிந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று 1946-இலிருந்து பல முறை வடிவமைப்புப் போட்டி நடத்தினார்கள், கம்யூனிஸ்ட் மேயர் எவராலும் அதை நிரப்ப முடியவில்லை. இன்றும் வெறும் புல்வெளி. லெட்னா குன்றில் ஸ்டாலின் சிலை வைக்க மட்டும் இடமும் பணமும் கிடைத்தது: 1955 மே 1 திறப்பு, 1962-இல் வெடிவைத்துத் தகர்ப்பு. இரண்டும் அடோல்ஃப் ஸ்வோபோடா மேயராக இருந்தபோது. ஒரே மேயர் திறந்ததையும் பார்த்தார், தூளானதையும் பார்த்தார். இரண்டுக்கும் உத்தரவு மேலிடத்திலிருந்து.

கதவிலக்கம்

பழஞ்சுவடி கொடுத்த வரிசையை அப்படியே நீட்டினால் ஒரு நல்ல அளவுகோல் கிடைக்கும். வாட்செக் 1946–54, ஸ்வோபோடா 1954–64, செர்னி 1964–70, ஸுஸ்கா 1970–81, ஃப்ரான்டிஷெக் ஷ்டாஃபா 1981–88, ஸ்தெனியெக் ஹோர்ச்சீக் 1988–89.

1954, 1964, 1981 மூன்றும் தேசியக் குழுத் தேர்தல் நடந்த ஆண்டுகள். தவணை முடிந்தது, ஆள் மாறினார், அவ்வளவுதான். 1970-இலும் 1988-இலும் தேர்தலே இல்லை. தேர்தல் இல்லாத ஆண்டில் மேயர் மாறினால் கட்சிக்குள் ஏதோ புரண்டிருக்கிறது என்று பொருள். 1970-இல் உறுப்பினர் சரிபார்ப்பு என்ற பெயரில் களையெடுப்பு நடந்தது. சோவியத் படைகள் நுழைந்த 1968 ஆகஸ்டில் மேயராக இருந்த செர்னி அந்த ஆண்டு போனார். அப்போது நாடு முழுவதும் கட்சியைவிட்டு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் நீக்கப்பட்டார்கள். 1988-இல் காபெக் போய் மிரோஸ்லாவ் ஷ்டெபான் நகரச் செயலாளராக வந்தார், மேயரும் மாறினார்.

ஆக ஸுஸ்கா உள்ளே வந்தது களையெடுப்பின் வழியாக, வெளியே போனது சாதாரணத் தேர்தல் ஆண்டில். வரைவில் இந்த ஒரு வாக்கியம் இல்லையென்றால் அவர் வாழ்க்கை பாதிதான்.

மணற்கேணி

எல்லாவற்றையும் சேர்த்துப் பத்தியைத் திருத்தியிருக்கிறேன்:

"1968-க்குப் பிந்தைய களையெடுப்பின்போது, தேர்தல் இல்லாத 1970-இல் மேயரானார், 1981 தேர்தல் ஆண்டில் விலகினார். நகரத்தின் அரசியல் தலைமை கட்சிச் செயலாளர் காபெக்கிடம் இருந்தது. முந்தைய மேயர் காலத்தில் தொடங்கிய நுஸ்லே பாலமும் மெட்ரோவின் சி தடமும் இவர் காலத்தில் திறக்கப்பட்டன. ஏ தடத்தின் முதல் பகுதி, ஸெலிவ்கா குடிநீர், தென் நகரக் குடியிருப்பு ஆகியவை இவர் நிர்வாகத்தில் நடந்தவை. ஹொடொவ், ஹாயெ உட்பட 30 ஊர்கள் 1974-இல் நகரோடு இணைக்கப்பட்டு பரப்பளவு 496 சதுர கிலோமீட்டர் ஆனது. வென்செஸ்லாஸ் சதுக்க டிராம் நீக்கமும் நகர மையத்தை வெட்டிச்செல்லும் விரைவுச்சாலையும் இவர் காலத்தவை."

ஊற்றுக்கண்

ஒரு இடம் இடிக்கிறது. ஹொடொவும் ஹாயெயும் 1974-இல் சேர்ந்தவை அல்ல. அவை 1968-இல் சேர்ந்த 21 ஊர்களின் தொகுப்பில் வருபவை, செர்னி காலம். 1974 ஜூலை 1 அன்று சேர்ந்த 30 ஊர்களில் ஸ்தொதூல்கி போன்றவை வரும். தென்மேற்கு நகரம் பின்னால் எழுந்தது அந்த நிலத்தில். 496 என்ற எண் சரி, 1974-க்குப் பிறகானது.

தண்டவாளம்

நிலையப் பெயர்களை ஒரே மாதிரி வையுங்கள். 1990 பிப்ரவரியில் நிறையப் பெயர்கள் மாறின: லெனினொவா, தேய்விட்ஸ்கா ஆனது, கொத்வால்தொவா, விஷெஹ்ராட் ஆனது, மிலாதெஸ்னிட்ஸ்கா, பாங்க்ராட்ஸ் ஆனது, கொஸ்மொனவுதூ, ஹாயெ ஆனது. நுஸ்லே பாலத்துக்கும் அன்று கிளெமென்ட் கொத்வால்ட் பெயர்தான் இருந்தது. ஸுஸ்கா காலத்து நிகழ்வுக்குப் பழைய பெயரை முதலில் போட்டு இன்றைய பெயரை ஒரு முறை சொன்னால் போதும். பிராக் மாநகர ஆவணக்காப்பகம் ஹொடொவெட்ஸ் பகுதியில் இருக்கிறது. தேசியக் குழுவின் தீர்மானங்களை அங்கே தேடும்போது பழைய பெயரைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.